சனிக்கிழமைச் சோற்றுக்கு வந்த நரி

சட்டன் என்ற ஆங்கிலேய நகரில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும் மோரீன், என்னைக் காணும்போதெல்லாம் "நீங்கள் மிகவும் இரக்கமுள்ள குடும்பம்" என்று சொல்வார். எழுபது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி, தனியே இருப்பவர். முதல் முறை அவர் அதைச் சொன்னபோது நான் குப்பைத் தொட்டியைத் தெருவோரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். எதற்காகச் சொல்கிறார் என்று விளங்கவில்லை. முந்திய கிழமை அவருடைய தொட்டியையும் சேர்த்து இழுத்துவிட்டிருந்தேன், அதற்காக இருக்கும் என்று நினைத்து "தாங்க் யூ" என்றேன். விளங்காத பேச்சுக்கு "தாங்க் யூ" சொல்லிவிட்டு நகர்வது இந்த நாட்டில் நான் முதலில் பழகிக்கொண்ட காரியம். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் பத்து வருடம் செய்தியாளராக இருந்தவன் நான். விளங்காவிட்டால் திரும்பக் கேட்பதுதான் அங்கே என் பிழைப்பு. இங்கே ஒரு மருந்துக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறேன், அந்தப் பழக்கம் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. "எதற்காகச் சொல்கிறீர்கள்?" என்று ஒருமுறை கேட்டிருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது.

கடந்த மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பகல் ஒன்றேகால் மணி. எங்கள் மகள் ஆரணிக்கு அப்போது எட்டு மாதம். குசினியை ஒட்டிய அறையில் பாயில் கிடந்தாள். நான் மாடியில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி சுபா குசினியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்ப் புகைக்கு அலாரம் அடித்துவிடும் என்பதால் அந்த அறையின் தோட்டத்துப் பக்கக் கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. பிள்ளை அழுதாள். அது பசி அழுகையும் இல்லை, நித்திரை அழுகையும் இல்லை. நான் படியிறங்கி வந்தபோது அறையின் நடுவில் ஒரு நரி நின்றது. பிள்ளையின் இடது கால் அதன் வாயில் இருந்தது.

நான் கண்டதை அப்படியே எழுதுகிறேன். நரி பதறவில்லை. காலுறையைப் பல்லால் கௌவி, தலையைச் சாய்த்து, துணி உலர்த்தும் கொடியிலிருந்து உருவுவது போல இழுத்துக்கொண்டிருந்தது. என்னை ஏறிட்டுப் பார்த்தது. அதன் பார்வையில் கோபமோ பயமோ இல்லை. நான்தான் அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவன் போல ஒரு பார்வை. பிறகு காலுறை கழன்றது. நரி அதை வாயில் வைத்துக்கொண்டு, வந்த வழியே நடந்து போனது. ஓடவில்லை, நடந்தது.

"நரி! இஞ்சாருங்கோ, நரி! பிள்ளையைத் தூக்குங்கோ!" சுபா கத்தியபோதுதான் பாய்ந்து பிள்ளையைத் தூக்கினேன். பிள்ளையின் குதிக்காலில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் இருந்தன. ஊசி குத்தியது போலச் சின்னப் புள்ளிகள். அவற்றில் ஒன்றிலிருந்து இரத்தம் கசிந்தது.

"நீர் கதவைத் திறந்துபோட்டு எங்கை பாத்துக்கொண்டு நிண்டனீர்?"

"நான் அடுப்படியிலை நிண்டனான். நீங்கள் மேலை என்ன செய்தனீங்கள், துணியோடை கதைச்சுக்கொண்டிருந்தனீங்களே?"

எங்கள் ஊரில் நரியைக் கேட்டிருக்கிறோமே தவிரப் பார்த்தவர்கள் குறைவு. வன்னிப் பக்கம் செய்தி சேகரிக்கப் போன நாட்களில் காட்டோரத்தில் அதன் ஊளை கேட்கும். அங்கே நரி பட்டப்பகலில் மனிதரின் வளவுக்குள் நுழைந்தால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான்: அது விசர் நரி, வெறிநோய் பிடித்தது. அப்படி ஒரு நரி கடித்த சிறுவனைப் பற்றி நான் ஒரு செய்தி எழுதியிருக்கிறேன். கடி சின்னது என்று வீட்டில் மஞ்சள் பூசி விட்டுவிட்டார்கள். நான் போனபோது அவனுக்குத் தண்ணீர்க் குவளையைக் கண்டாலே தொண்டை இறுகியது. இரண்டு நாளில் முடிந்துவிட்டது. செய்தி எட்டு வரி. உள்பக்கத்தில், ஒரு கூட்ட அறிவித்தலுக்குக் கீழே வந்தது. அந்த எட்டு வரியையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டுதான் வைத்தியசாலைக்குக் கார் ஓட்டினேன்.

அவசரப் பிரிவில் இருந்த தாதி இளம் பெண். காயத்தைக் கழுவினாள், பிள்ளையோடு கொஞ்சினாள். நான் "ரேபிஸ் ஊசி" என்றேன். அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

"இந்த நாட்டில் நரிகளுக்கு ரேபிஸ் இல்லை."

"அது பட்டப்பகலில் வீட்டுக்குள் வந்தது."

"ஆம், வரும்" என்றாள் அவள்.

மழை வருமா என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். என் அரைகுறை ஆங்கிலத்தில், அவள் தரவிருந்த கிருமி மருந்தை நான் மறுக்கிறேன் என்று அவள் விளங்கிக்கொண்டு, பிள்ளைக்கு மருந்து ஏன் தேவை என்று ஆறுதலாக விளக்கத் தொடங்கினாள். ஊசி போடவே போகாதவளிடம் ஊசி கேட்டு நான் கெஞ்ச, மருந்து வேண்டாம் என்று நான் அடம்பிடிப்பதாக நினைத்து அவள் என்னைத் தேற்ற, சுபா இடையில் நின்று அழுதாள். கடைசியில் வைத்தியர் வந்து, விசர்நோய்ப் பயம் இங்கே இல்லை என்று இரண்டு முறை சொல்லி, கிருமிக்கு மருந்து எழுதித் தந்தார். நாங்கள் புறப்படும்போது தாதி ஒரு படிவத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"வீட்டில் நரிக்கு உணவு வைப்பீர்களா?"

"இல்லை. ஒருபோதும் இல்லை" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.

திங்கட்கிழமை உள்ளூராட்சிக் கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்தேன். எலி என்றால் ஆள் அனுப்புவோம், குளவி என்றால் அனுப்புவோம், நரிக்கு அனுப்புவதில்லை என்றார் பேசியவர். பிள்ளையைக் கடித்தது என்றேன். மிகவும் வருந்துவதாகச் சொன்னார். பிறகு, "அவை இங்கே வசிப்பவை, சேர்" என்றார். இந்த நாட்டில் வசிப்பவன் என்று காட்டும் கடிதத்துக்காகப் பதினொரு வருடம் காத்திருந்தவன் நான். "யாரோ பக்கத்தில் சாப்பாடு வைக்கிறார்கள், அதைத் தேடி நிறுத்துங்கள்" என்று அவர் ஆலோசனை சொல்லி முடித்தார்.

யார் என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பறவைக்கு விதை தொங்கவிடுபவர், முள்ளெலிக்கு மரப்பெட்டி செய்து வைத்தவர் எங்கள் தெருவில் ஒருவர்தான். அன்று பின்னேரமே மோரீனின் கதவைத் தட்டினேன். அவர் என்னைக் கண்டதும் உள்ளே போய், ஒரு சின்னக் காலுறையோடு வந்தார். தன் தோட்டத்துச் செடிக்குள் கிடந்ததாம். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார்.

"மேபலா? மேபல் அப்படிச் செய்யவே மாட்டாளே!" என்றார். நரிக்குப் பெயர் இருந்தது. அதற்கு அவர் சாப்பாடு வைக்கிறாரா என்று நேரே கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"நானா? நீங்கள்தானே வைக்கிறீர்கள். அன்றைக்கு ஏன் அவ்வளவு பிந்திவிட்டீர்கள்? ஒரு மணி வரை வேலிப் பக்கம் காத்துக்கொண்டிருந்தாளே."

தன் கைத்தொலைபேசியைத் திறந்து காட்டினார். அவருடைய குசினி யன்னல் வழியாக எடுத்த படங்கள். சுபா கவிழ்த்த பூச்சாடியின் மேல் வாழையிலைத் துண்டை வைக்கிறாள். சுபா உள்ளே போகிறாள். இலையில் நரி வாய் வைக்கிறது. பனிக்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று, ஆரணி வயிற்றில் இருந்தபோது ஒன்று. இரண்டு வருடத்துச் சனிக்கிழமைகள். "என் மகளுக்கு எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறேன்" என்றார் மோரீன். "இவ்வளவு இரக்கமான குடும்பம் என்று."

சுபா சனிக்கிழமை விரதகாரி. காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் தன் வாயில் சோறு வைப்பாள். முறைப்படி அது சனீஸ்வரனுக்கு. அவளுக்கு அது அவளுடைய அப்பாவுக்கு. அவர் யாழ்ப்பாணத்தில் இறந்தபோது எங்கள் அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை, நாட்டை விட்டுப் போக முடியாது. கொள்ளியும் பார்க்கவில்லை, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் பார்க்கவில்லை. அதனால் சோறு, பருப்பு, நெய், பூசணிக்கறி, அப்பளம் எல்லாம் ஒவ்வொரு கரண்டி டூட்டிங் தமிழ்க் கடையில் வாங்கிய வாழையிலையில் போகும். ஊரில் என்றால் காகம் வந்து கொத்தும் வரை வாசலில் நின்று கூப்பிட வேண்டும். இங்கே இரண்டு மணிக்கு அவளுக்கு முதியோர் இல்லத்தில் ஷிப்ட். இரண்டு தரம் "கா, கா" என்றுவிட்டு உள்ளே வந்துவிடுவாள். பிறகு பார்த்தால் இலை வெறுமையாக இருக்கும். "அப்பா சாப்பிட்டிட்டார்" என்று அவள் சாப்பிடுவாள்.

இலை வெறுமை மட்டும் இல்லை, பளபளவென்று துடைத்த மாதிரி இருக்கும். காகம் இலையை நக்காது. பாதியைக் கொத்தி, மீதியை இறைத்துவிட்டுப் போகும். பத்து வருடம் செய்தி எழுதியவனின் கண் அதை நூறு சனிக்கிழமை பார்த்தும் பார்க்கவில்லை. அன்றைக்கு ஆரணிக்குச் சோறு ஊட்டவே நேரம் போய்விட்டது. சமையல் பிந்தியது, காகத்துச் சோறு இன்னும் சட்டியில் இருந்தது. பிள்ளையின் காலுறையில் பருப்பும் நெய்யும் சிந்தியிருந்தன. நரி தன் சாப்பாட்டைத் தேடி உள்ளே வந்திருக்கிறது. கடித்தது பிள்ளையை இல்லை, சனிக்கிழமைச் சோற்றை.

வீட்டுக்கு வந்து சுபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலுறையை மேசையில் வைத்தேன். பிள்ளைக்கு நடந்ததைத் தன்னால்தான் என்று அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் காலுறையை எடுத்து விரித்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"அப்ப இந்த ரெண்டு வருசமும் அப்பா சாப்பிடேல்லை."

"ஒண்டு ரெண்டு நாள் காகமும் வந்திருக்கும் சுபா."

"நீங்கள் கண்டனீங்களே?"

"இல்லை."

"காணாததை எழுத மாட்டன் எண்டு பெரிய கதை கதைப்பியள். இப்ப எனக்காண்டி எழுதாதேங்கோ."

அடுத்த கிழமை பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்த வேறொரு தாதியிடம், நரிக்கு உணவு வைப்பதில்லை என்று வைத்தியசாலையில் நான் தந்த பதில் பிழை என்று திருத்தம் சொன்னேன். "பலர் வைக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு அவர் பிள்ளையின் நிறையைப் பார்க்கத் தொடங்கினார். என் திருத்தம் எங்கும் பதிவானதாகத் தெரியவில்லை.

சுபா இலை வைப்பதை நிறுத்தினாள். ஆனால் காகம் சாப்பிடாமல் அவளால் சாப்பிட ஏலாது. மூன்று சனிக்கிழமை வெறும் தேத்தண்ணியோடு ஷிப்டுக்குப் போனாள். பிள்ளைக்குப் பால் கொடுப்பவள். மூன்றாம் கிழமை வேலையில் தலைசுற்றி விழுந்தாள். "சும்மா ஒருக்கா சாப்பிடுமன், சாமி குறை நினைக்காது" என்றேன். "சாமியோடை எனக்குப் பிரச்சினை இல்லை. அப்பாவோடைதான்" என்றாள். மேல்மாடி யன்னலில் வைத்துப் பார்த்தோம், புறா வந்தது. அன்றைக்கும் அவள் சாப்பிடவில்லை.

வழி கண்டுபிடித்தது அவளுடைய மச்சாள், ஊரில் இருக்கும் தமையனின் மனைவி. இப்போது சனிக்கிழமைகளில் சுபா விடியவே எழுந்து முழுச் சமையலும் சமைத்துவிடுகிறாள். இங்கே காலை எட்டு மணி, அங்கே பன்னிரண்டரை. கைத்தொலைபேசியைக் கண்ணாடிக் கதவில் சாய்த்து வைப்பாள். திரையில் யாழ்ப்பாணத்து மதில் தெரியும், அதில் இலை தெரியும். "எடியே, வருகுது, வருகுது, சத்தம் போடாதை" என்று மச்சாள் சொல்வாள். காகம் ஒன்று இறங்கிக் கொத்தி, பாதியை மதிலுக்குக் கீழே இறைக்கும். அதன் பிறகு சுபா, சட்டனில், காலைச் சாப்பாட்டு வேளையில் மத்தியானச் சோறு சாப்பிடுவாள்.

கதவு பூட்டியே இருக்கிறது. ஆனால் சோறு அவியும் நேரம் மாறியதை நரி எப்படியோ அறிந்துகொண்டுவிட்டது. போன சனிக்கிழமை எட்டு மணிக்கு அது கண்ணாடிக்கு வெளியே, கைத்தொலைபேசிக்கு நேர் பின்னால், வாலைக் காலோடு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சுபா பிள்ளையை மடியில் வைத்துத் திரையைக் காட்டி, "தாத்தா வாறார், கூப்பிடு, கா எண்டு கூப்பிடு" என்றாள். ஆரணி திரையைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்து இறங்கித் தவழ்ந்து போய், கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, நரியைப் பார்த்து "கா" என்றாள். நரி காதை நிமிர்த்தி எழுந்து நின்றது.