அகழியோரப் பாதை

எங்கள் ஊர்ப்பக்கம் யாரிடமாவது கிராவல் சைக்கிள் என்று சொன்னால், "அது என்னங்க அது?" என்பார்கள். வளைந்த கைப்பிடி, தடித்த டயர், தார் ரோட்டை விட்டு ஜல்லியிலும் மண்ணிலும் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி என்று நான் விளக்குவேன். என் மாமனார் ஒருமுறை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தார் ரோடு போடச் சொல்லி நாங்க ஆபீஸ் ஆபீசா நடந்தமுங்க, மாப்பிள்ளை. நீங்க மெனக்கெட்டு ஜல்லியத் தேடிப் போறீங்களா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நாற்பத்தாறு வயதில் பிடித்த கிறுக்கு அவ்வளவு லேசில் விடுமா?

விடவில்லை. போதாததற்கு வீட்டுக்காரியையும் இழுத்துவிட்டேன். "எனக்கெதுக்குங்க இதெல்லாம்" என்று முதலில் சிணுங்கியவள், மூன்றே மாதத்தில் மேட்டில் என்னைத் தாண்டிப் போக ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் காரின் பின்னால் இரண்டு சைக்கிளையும் மாட்டிக்கொண்டு கோவைக்கு மேற்கே மலையடிவாரத்துக்குப் போவோம். எங்கள் சைக்கிள் குழுவில் ஒருவர் ஓட்டி வந்த பாதையைப் போனில் அனுப்புவார். மேப்பில் தெரியும் அந்த நீலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் போவோம். கோடு போட்டவர் எந்த மாதத்தில் போனார், அப்போது தோட்டங்காட்டில் என்ன விளைந்திருந்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

அன்று நாங்கள் பிடித்த கோடு காட்டின் எல்லையை ஒட்டிப் போனது. ஒரு பக்கம் யானை ஊருக்குள் வராமலிருக்க வனத்துறை வெட்டிய அகழி, அதற்கு அப்பால் உன்னிச்செடியும் சூரைமுள்ளும் மண்டிய புதர்க்காடு. மறுபக்கம் தோட்டங்கள். நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்துக்குச் சரளைமண். இரவு தூறிய ஈரத்தில் டயர் நன்றாகப் பிடித்தது. மலையில் மேகம் இறங்கியிருந்தது. அடடா, என்ன காலை! வழியில் ஓரிடத்தில் அகழியின் கரை சரிந்து ஒரு சரிவு மாதிரி கிடந்ததைப் பார்த்தேன். மழைக்குச் சரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போனேன். மழைக்குச் சரிந்த மண்ணில் அவ்வளவு பெரிய பெரிய வட்டக் குழிகள் எப்படி வரும் என்று யோசிக்கிற மூளை அன்று என்னிடம் இல்லை.

அவள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் முப்பதடி இருக்கும். வலதுபக்கம் சோளக்காடு பால்பிடித்து நின்றது. அதற்குள் ஏதோ சடசடவென்று முறிந்தது. மாடு என்றுதான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள், வேகத்தைக் குறைக்கவில்லை. சோளத்தட்டு விலகியது. ஒற்றை யானை பாதையில் ஏறி நின்றது.

அவள் பிரேக்கைப் பிடித்தாள். முன்சக்கரம் சரளையில் வழுக்கி, சைக்கிளோடு அகழிப் பக்கத்து மண்மேட்டில் விழுந்தாள். சைக்கிள் அவள் காலின் மேல் கிடந்தது. யானைக்கும் அவளுக்கும் இடையில் ஒரு லாரி நிற்கிற இடம்கூட இல்லை. ராத்திரி சோளம் தின்ன வந்தது, விடிந்த பிறகு காட்டுக்குத் திரும்புகிறது. அது வீடு திரும்புகிற வழியில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். இதெல்லாம் பிறகு விளங்கியது. அப்போது எனக்குத் தெரிந்தது அதன் நெற்றியும், விரிந்த காதும், தும்பிக்கை நுனியில் ஒட்டியிருந்த ஒரு சோளத்தோகையும்தான்.

பயந்தேன் என்று சொன்னால் அது ரொம்பச் சின்னச் சொல். வாய் வறண்டு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது.

"ஏனுங்க."

மெதுவாகத்தான் கூப்பிட்டாள். கத்தினால் யானைக்குக் கோபம் வரும் என்று அந்த நிலையிலும் அவளுக்குத் தோன்றியிருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக உப்பு எடுத்துத் தரச் சொல்லவும், கதவைத் திறக்கச் சொல்லவும் என்னை எப்படிக் கூப்பிடுவாளோ அதே குரலில், அதே மரியாதையோடு இரண்டாவது தடவையும் கூப்பிட்டாள்.

"ஏனுங்க..."

நான் சைக்கிளைத் திருப்பினேன். வந்த வழியே தலைதெறிக்க மிதித்தேன்.

இங்கே ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லியாக வேண்டும். பெடலை மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிளின் பின்சக்கரத்துக்குள் இருக்கும் பற்கள் கிர்ரென்று சத்தம் போடும். எல்லா சைக்கிளிலும் வருவதுதான். எங்கள் கூட்டத்தில் மட்டும் அந்தச் சத்தம் பெரிதாக வந்தால் கௌரவம். அதற்காகவே கடைக்காரரிடம் கிரீஸைக் குறைத்துப் போடச் சொல்லியிருந்தேன். "தேஞ்சுபோயிருமுங்க" என்றார் அவர். "தேயட்டுமுங்க, சத்தம் வேணும்" என்றேன். அந்தப் பாதை திரும்பும்போது இறக்கம். கால் ஓய்ந்து பெடல் நின்றதும் சக்கரம் ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறியது. பின்னால் யானை பிளிறியது. தரை தடதடத்தது. அது சத்தத்தைத் துரத்திக்கொண்டு வருகிறது என்று புரிந்தது. என்னைத் துரத்துகிறதென்றால் அவளைத் தாண்டித்தான் வர வேண்டும். அதுவும் புரிந்தது. புரிந்தும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தார் ரோடு வந்த பிறகுதான் நிறுத்தினேன். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு வேலியோரம் வாந்தி எடுத்தேன். திரும்பிப் போ, போடா என்று மனசு சொல்கிறது. கால் ஓர் அடி நகர மாட்டேன் என்கிறது. அவள் செத்துப்போயிருப்பாள் என்று நினைத்தேன். அவள் அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். ஆமாம், அதையும் யோசித்தேன். மனுஷப் பிறவியா நான்?

எவ்வளவு நேரம் நின்றேனோ. பாதை வளைவில் அவள் நொண்டிக்கொண்டு வந்தாள். கூடவே தோட்டக்காரர் ஒருவர் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சிராய்ப்பும் முழங்கால் வீக்கமும் தவிர அவளுக்கு வேறொன்றும் இல்லை. யானை அவளை ஒட்டி ஓடிவந்து, கரை சரிந்த இடத்தில் இறங்கி அகழியைத் தாண்டிக் காட்டுக்குள் போய்விட்டதாம்.

"நல்ல காரியம் பண்ணுனீங்ணா!" என்றார் தோட்டக்காரர். "வரப்புல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். நீங்க மட்டும் சத்தம் குடுத்து அதை இழுத்துக்கிட்டுப் போகலீன்னா, அம்மணி கதி என்னாகியிருக்கும்?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்ணா" என்றாள் அவரிடம். "இவருதானுங்க காப்பாத்துனாரு."

அன்று மத்தியானம் அன்னூரில் மாமியார் வீட்டில் விருந்து. போகாமல் இருக்க முடியாது, ஆடு அடித்திருந்தார்கள். முழங்காலில் கட்டோடு உட்கார்ந்து அவள் எல்லாருக்கும் கதை சொன்னாள். நான் சைக்கிளைத் திருப்பியது, சத்தம் போட்டது, யானை என் பின்னால் ஓடியது. எதிலும் பொய் இல்லை. "உசுரக் குடுத்துக் காப்பாத்தியிருக்கறாரே!" என்று மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் இலையில் ஈரலை அள்ளி வைத்தார். ஜல்லியைக் கேலி செய்த மாமனார் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். இனி இவள் எந்தக் காட்டுக்கும் என்னை நம்பி வருவாள், இவர்களும் நம்பி அனுப்புவார்கள் என்று நினைத்தபோது, காலையில் யானையைக் கண்ட பயம் மறுபடியும் வந்து உட்கார்ந்தது.

திரும்பும்போது சரவணம்பட்டி நெரிசலில் கார் நின்றது. இதற்கு மேல் தாங்காது என்று தோன்றியது.

"அம்மணி, நான் உன்னையக் காப்பாத்தறதுக்கு ஓடல" என்றேன். "பயந்துபோய் ஓடினேன். ஆனை என் பின்னால வந்தது தானா நடந்தது."

"தெரியுமுங்க" என்றாள்.

"அப்பறம் ஏன் அப்பிடிச் சொன்னே?"

"எங்கம்மாகிட்ட வேற என்னத்தைங்க சொல்றது?" என்றாள். கோபம் இல்லை. முழங்காலில் இருந்த கட்டை லேசாகத் தடவிக்கொண்டாள். முன்னால் நின்ற பஸ் நகர்ந்தது, நானும் நகர்த்தினேன். கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாள்.

"நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுதுங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நம்பத்தான் அவள் காத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"கேட்டுது" என்றேன். "ரெண்டு தடவையும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கேக்காமப் போயிருக்கும்னு நெனச்சு மனசைத் தேத்திக்கிட்டிருந்தனுங்க" என்றாள்.