கீழே கோடு இல்லாத வட்டம்

1. ஈ வளர்க்கிற வேலை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முத்தியால்பேட்டை வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா கேட்டாள், என்னடா வேலை என்று. ஈ வளர்க்கிற வேலை என்றேன். "வேலை இல்லாதவன்தான் ஈ ஓட்டுவான். நீ வளக்கவே போறியா? எவன்டா ஒனக்குப் பொண்ணு குடுப்பான்?" என்றாள். பொண்ணு கொடுத்தார்கள். பிள்ளைதான் பிறக்கவில்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கல்லூரி. அதன் விலங்கியல் துறையில் நான் லேப் அசிஸ்டென்ட். டுரோசோஃபிலா என்கிற பழ ஈயைப் பாட்டிலில் வளர்த்து ஜெனடிக்ஸ் பிராக்டிகலுக்குக் கொடுக்க வேண்டும். ரவை, வெல்லம், உறைவதற்கு அகர் போட்டுக் காய்ச்சி ஊற்றினால் அதுதான் மீடியம், ஈக்குச் சாப்பாடு. மாணவர்கள் ஈதர் கொடுத்து ஈயை மயக்கி, சிவப்புக் கண் எத்தனை, வெள்ளைக் கண் எத்தனை, இறக்கை சூம்பினது எத்தனை என்று எண்ணுவார்கள். எண்ணி முடித்த ஈயெல்லாம் எண்ணெய் ஊற்றிய ஒரு பாட்டிலுக்குள் போகும். அந்தப் பாட்டிலுக்கு லேப்பில் மார்ச்சுவரி என்று பெயர்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் கறார். எண்ணாமலே புத்தகத்தில் இருக்கிற கணக்கை ரெக்கார்டில் எழுதுகிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது. "பாத்தத மட்டும் எழுது. இல்லாதத இருக்குன்னு எழுதுறதுக்கு நீ எதுக்கு லேபுக்கு வர்ற?" என்று நோட்டைத் தூக்கி மேசையில் போடுவேன். என்னைத் திட்டாத பேட்ச் கிடையாது.

அட்டெண்டர் ஏழுமலை எனக்குக் கூட்டு. பிள்ளைச்சாவடிக்காரன், கடலுக்குப் போகிற குடும்பத்தில் அவன் ஒருத்தன்தான் அரசாங்க வேலைக்கு வந்தவன். மீடியம் காய்ச்சுவது, பாட்டில் கழுவுவது, மார்ச்சுவரியைக் கொட்டுவது எல்லாம் அவன். வேலையில் குறை சொல்ல முடியாத ஆள். சொந்த அக்கா மகள் செல்வியைக் கட்டியிருந்தான். அவர்கள் பக்கம் மாமனுக்குத்தான் முதல் உரிமை. ஒரே பெண், சந்தியா.

2. ரெட்டைக் கோடு

சந்தியா நன்றாக நடந்துகொண்டிருந்த குழந்தை. மூன்று வயதுக்கு மேல் விழ ஆரம்பித்தாள். அப்புறம் எழுந்திருக்கவே முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பரம்பரை வியாதி, தசைக்குப் போகிற நரம்பு செத்துக்கொண்டே வரும் என்றார்கள். ஏழுமலையின் அம்மா, செல்விதான் ஏதோ வேண்டுதலை மறந்துவிட்டாள், அம்மன் குத்தம் என்று தினம் வீட்டில் சண்டை போட்டாள். தன் மகள் வயிற்றுப் பேத்தி என்றுகூடப் பார்க்கவில்லை.

எங்கள் பேராசிரியை நல்ல மனுஷி. ஏழுமலையை உட்கார வைத்து, ஒரு தாளில் குடும்பப் படம் போட்டு விளக்கினார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், வியாதி இருந்தால் கறுப்பு, சும்மா சுமக்கிறவர்களுக்குப் பாதிக் கறுப்பு. சொந்தத்தில் கல்யாணம் என்றால் ரெட்டைக் கோடு. அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, தாளோடு என்னிடம் வந்தான்.

"அண்ணே, மேடம் சொன்னது பாதி புரியல. இதுல யாரு மேல தப்பு?"

"யாரு மேலயும் தப்பு இல்ல. நீ பாதி, செல்வி பாதி. ரெண்டும் புள்ளைகிட்ட சேந்துகிச்சு. அம்மன் குத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒங்கம்மாகிட்ட போய் சொல்லு."

"சரிண்ணே. அப்ப இது எதுக்கு வந்துச்சு?"

"எதுக்கும் இல்ல ஏழுமலை. ஜீன் காப்பி ஆவுறப்ப பிழை வுழும். அந்த மாதிரி பிழை வுழுந்து வுழுந்துதான் மீன்லேருந்து மனுசன் வரைக்கும் வந்திருக்கு. பிழையே இல்லன்னா நீயும் இல்ல, நானும் இல்ல."

கிளாஸில் கேட்டுக் கேட்டு எனக்கு அத்துப்படியான வசனம். நன்றாகச் சொல்லிவிட்டதாகவே நினைத்தேன். அவன் தாளை மடித்தான்.

"நீயும் நானும் வர்றதுக்கு எம்பொண்ணு கால எடுத்துகிச்சா?"

நான் விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. இறக்கை சூம்பின ஈகூட வீணில்லை, காற்று பலமாக அடிக்கிற தீவில் இறக்கை உள்ளதைத்தான் காற்று அடித்துக்கொண்டு போகும், இல்லாதது பிழைக்கும், எதற்கும் ஒரு இடம் உண்டு என்றேன்.

"எங்க ஊர்லயும் காத்துதாண்ணே அடிக்குது. அவ எங்க நிக்கிறா?" என்று சொல்லிவிட்டு பாட்டில் கழுவப் போய்விட்டான்.

3. சார்ட்

அடுத்த வருஷம் பேராசிரியை அந்தப் படத்தைப் பாடத்துக்குப் பெரிய சார்ட்டாகக் கேட்டார். பெயர் போட வேண்டாம், எண் போதும் என்றார். என் கையெழுத்துக்குத் துறையில் மரியாதை உண்டு. இந்தியன் இங்க்கில் ஸ்கேல் பிடித்து அழகாகப் போட்டேன். ஏழுமலையை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எத்தனையோ தவளை, கரப்பான் வரைந்த கை, இதையும் அப்படியே வரைந்து சுவரில் மாட்டிவிட்டது.

காலையில் பெருக்க வந்தவன் விளக்குமாற்றோடு அதற்கு முன்னால் நின்றான். எழுத்து ஒன்றும் இல்லாமலே கண்டுபிடித்துவிட்டான்.

"இந்தக் கறுப்பு வட்டம் சந்தியாதானே?"

கழற்றிவிடுகிறேன் என்று ஸ்டூலை இழுத்தேன்.

"வேணாண்ணே. புள்ளைங்க பாத்து படிக்கும்ல? படிச்சு டாக்டராகூட ஆவும். அவ எதுக்குப் பொறந்தான்னு கேட்டா சொல்ல ஒண்ணு இருக்கட்டும்."

அப்புறம் விரலை வைத்து மேலிருந்து கீழே கோடுகளைத் தொடர்ந்தான். தாத்தா, அப்பா, அவன். சந்தியாவோடு விரல் நின்றது. "இவளுக்குக் கீழ கோடு வராது. மேடம் பாடத்துல புள்ள பெத்துட்டுப் போனதுதான் ஜெயிச்சதுன்னு சொல்றாங்க. கோடு இல்லாதவங்களுக்கு என்னண்ணே அர்த்தம்?"

என் குடும்பத்துக்கு இதே படம் போட்டால் என் சதுரத்துக்குக் கீழேயும் வெறும் தாள்தான். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

சந்தியா பதினாலு வயதில் மூச்சு விட முடியாமல் போனாள். காரியம் முடிந்து வேலைக்கு வந்த அன்று ஏழுமலை என்னைத் தேடி லேபுக்கு வந்தான். "செத்துட்டா வட்டத்து மேல சாய்வா ஒரு கோடு போடணும்னு மேடம் சொல்லியிருக்காங்க. போட்டுடுண்ணே. தப்பா இருந்தா புள்ளைங்க தப்பா படிச்சுடும்." அவனே ஸ்கேலைப் பிடித்துக்கொண்டான். ஸ்கேல் ஆடவில்லை. நான் போட்ட கோடுதான் நெளிந்துவிட்டது. எங்கள் துறையில் நான் போட்ட கோணல் கோடு அது ஒன்றுதான்.

4. போன மாதம்

நாங்கள் இருவரும் ரிட்டயர் ஆகிவிட்டோம். பென்ஷன் பேப்பர் ஒன்றுக்காகப் போன மாதம் கல்லூரிக்குப் போனேன். லேப் சுவரில் டச் போர்டு. பழைய சார்ட் எங்கே என்று என் வேலைக்கு வந்திருக்கிற புதிய பெண்ணிடம் கேட்டேன். "அதெல்லாம் மழைல ஊறிப்போச்சு சார். போன வருசமே குப்பைல போட்டுட்டோம்." அவள் மேல் தப்பில்லை. பூஞ்சை பிடித்த தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

வெளியே பஸ் ஸ்டாப்பில் ஏழுமலை நின்றிருந்தான், காலாப்பட்டு போக. இளைத்துப்போயிருந்தான். செல்வி இப்போது யாரோடும் பேசுவதில்லையாம்.

"லேபுக்காண்ணே போய்ட்டு வர்ற? சந்தியா சார்ட்டு மாட்டியிருக்குதில்ல?"

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. உயிருள்ளவனின் குடும்பப் படத்தை அவனைக் கேட்காமல் சுவரில் மாட்டாதீர்கள். மற்றபடி, கோடு இல்லாதவர்களுக்கு என்ன அர்த்தம் என்று அவன் அன்று கேட்ட கேள்விக்கு நான் வேலை பார்த்த துறையில் பதில் இல்லை. எல்லாம் எப்படி வந்தது என்று அது சொல்லும், அதில் பொய் கிடையாது. எதற்கு என்று கேட்டால் அதற்கு வாய் இல்லை. எனக்கும் இல்லை. தேடிப் பார்த்து அலுத்துவிட்டேன்.

"இருக்கு ஏழுமலை," என்றேன். "இன்னிக்கிகூட அத வச்சுத்தான் பாடம் நடந்துச்சு."