பி-சைடில் வந்த பாதிப் பாட்டு

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பாட்டு சி.டி. வாங்கினால் உள்ளே ஒரு குட்டிப் புத்தகமும் இருக்கிறது. எந்தப் பாட்டு எந்த மாதம் வெளிவந்தது, யார் தாளம் சேர்த்தார்கள் என்பது வரை அச்சிட்டிருக்கிறார்கள். தேதிப் பைத்தியமான எனக்கு அது விருந்து. ஒரு நடன இசைக்குழுவின் தொகுப்பை வாங்கினேன்: சிங்கிள்களாக, அதாவது தனித்தனி இசைத்தட்டுகளாக வந்த பாட்டுகளும், அவற்றின் மறுபக்கமான பி-சைடில் வந்தவையும். பேருந்தில் படித்ததில் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. நான் தேடிய பாட்டு கடைசிக்கு முந்தியது. அதற்கு ஒரு பெயர் இருந்தது என்பதே அன்றுதான் தெரியும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அந்தப் பாட்டு மதுரைக்குப் பாதிதான் வந்திருந்தது. கோரிப்பாளையத்தில் கேசட்டில் பாட்டுப் பதிந்து தந்த காஜா அண்ணன், நாங்கள் கேட்டதெல்லாம் முடிந்தும் பி-சைடில் டேப் மிச்சமிருந்தால் சும்மா விடமாட்டார். கைக்குக் கிடைத்ததைப் போட்டு நிரப்புவார். அப்படி வந்தது இது. நடுவிலேயே டேப் தீர்ந்து டக்கென்று நிற்கும். கல்லூரி விழாவில் நானும் குமரனும் இதற்குத்தான் ஆடுவதாக இருந்தோம். மிச்சம் எங்கே என்று கேட்டோம்.

“ஓசியில கெடச்சதுக்கு இம்புட்டு கேள்வியா? அது நிக்கிற எடத்துல நீங்களும் நில்லுங்கப்பா.”

நின்றோம், ஒரு காலைத் தூக்கியபடி சிலையாக. விசில் பறந்தது.

லீட்ஸ் அலுவலகத்தில் சேர்ந்து மூன்று மாதம் நான் தனியாகத்தான் மதியம் சாப்பிட்டேன். கிறிஸ்துமஸ் விருந்திலும் ஓரமாக நின்றால் இனி யாரும் என்னைக் கூப்பிடப்போவதில்லை என்று தோன்றியது. அப்போது அந்தப் பாட்டு வந்தது. பாய்ந்து போய் ஆடினேன். அந்த இடம் வந்ததும் காலைத் தூக்கி உறைந்தேன். பாட்டு நிற்கவில்லை. அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது! எனக்கு வியர்த்துவிட்டது. பக்கத்து மேசை மார்ட்டின் என்னைப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு காலைத் தூக்கினான். பிறகு கணக்குப் பிரிவு முழுவதும் தூக்கியது.

“இது வெறும் பி-சைடு. உனக்கு எப்படித் தெரியும்?” என்றான் மார்ட்டின்.

“எங்கள் ஊரிலும் பி-சைடுதான். கடைசியில் வரும்” என்றேன்.

நான் அரிய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவன் என்று எண்ணிக்கொண்டான். திங்கட்கிழமை தன் சாப்பாட்டுப் பெட்டியோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

மார்ட்டின் சொன்ன குழுவின் சி.டி.யை வாங்கிய அன்றே குமரனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, மிச்சப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். கொஞ்சநேரம் கேட்டான்.

“நிறுத்து மாப்ள. இதுக்கு மேல வேற யாரு பாட்டோ மாதிரி இருக்கு.”

நேற்று மார்ட்டினின் பிறந்தநாள் விருந்தில் அதே பாட்டைப் போட்டார்கள். அந்த இடம் வந்ததும் வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். மிச்சப் பாட்டைப் பழகிவிட்ட என் கால்கள் மட்டும், நடுவில், நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தன.