நாற்பது நாள் நல்லவள்

தவக்காலத்தில் கறியை விட்டால் மட்டும் போதாது, தினமும் ஒரு மணி நேரத்தை யாருக்காவது கொடுங்கள் என்று நெற்றியில் சாம்பல் பூசிய அன்று ஃபாதர் சொன்னார். என் வாய் சும்மா இருக்குமா? எதிர்வீட்டுக்காரியின் மாமியார் பக்கவாதம் வந்து மூன்று வருடமாகப் படுக்கையில் இருந்தார். அன்று மாலையே போய், “ஈஸ்டர் வரைக்கும் தினம் அஞ்சு மணிக்கு நான் வந்து அம்மாகிட்ட உட்கார்றேன். நீங்க வெளியே போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாளே வசமாக மாட்டிக்கொண்டது புரிந்தது. அந்தம்மாவுக்குக் குளிர் ஆகாது என்பதால் ஜன்னலைத் திறக்கக் கூடாது. டெட்டால் நெடியும் மூத்திர வாடையும் வெளியே போக வழியில்லை. என் கையைப் பிடித்தாரென்றால் விடமாட்டார். “யாரு நீ?” என்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பார். செல்போனைக்கூட எடுக்க முடியாது. ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகாராணி எங்கே ஊர் சுற்றுகிறாளோ என்று மருமகளை மனதுக்குள் திட்டினேன்.

ஒருநாள் ஜன்னல் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தபோது மருமகள் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தாள். பஸ்கள் வந்து வந்து போயின. எதிலும் ஏறவில்லை. ஆறு மணிக்கு எழுந்து வீட்டுக்கு வந்தாள்.

“பஸ்ல ஏறாம அங்க என்னதான் பண்றீங்க?” என்று கேட்டேன்.

“எந்த பஸ்ல வேணும்னாலும் ஏறலாம்னு கொஞ்ச நேரம் தோணும் அக்கா. அது போதும்.”

அப்போதும் என் மனம் இளகிவிடவில்லை. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமையோடு முடிகிறது என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டர் அன்று மாலை தங்கை வீட்டு விருந்துக்குப் புதுப் புடவை கட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். எதிரே கிரில் கேட்டுக்குள் அவள் நின்றிருந்தாள். தோளில் பை, காலில் செருப்பு. என் புடவையைப் பார்த்தாள்.

“பண்டிகை வந்துடுச்சுல்ல. மறந்தே போயிட்டேன் அக்கா” என்று சொல்லி, குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கல்லறையை விட்டு ஆண்டவர் வெளியே போய்விட்டார், நான்தான் உள்ளே மாட்டிக்கொண்டேன்.

“செருப்பைப் போடுங்க” என்றேன். குரலில் அன்பு ஒன்றும் இல்லை.

அவள் படியிறங்கிப் போன பிறகு, தங்கையிடம் போனில் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் புதுப் புடவையோடு கட்டில் பக்கம் உட்கார்ந்தேன். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“யாரு நீ?”

“எதிர்வீடு” என்றேன்.