வெள்ளிக்கிழமை உருளி

வாசல் நடையில் இருக்கும் வெண்கல உருளி மன்னியுடையது. அண்ணா மாற்றலாகிப் பெங்களூருக்குக் குடும்பத்தோடு போனபோது, ஃப்ளாட்டில் இதற்கு எங்கே இடம் என்று என்னிடம் விட்டுப் போனாள். தண்ணீர் நிரப்பித் தெச்சிப்பூவை மிதக்கவிடும் போதெல்லாம், நாங்கள் சேர்ந்திருந்த பழைய கரமனை வீட்டு வாசலில் குனிந்து நிற்கும் மன்னிதான் கண்ணுக்குள் வருகிறாள்.

வெள்ளிக்கிழமை தோறும் பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவாள். தேய்க்க மட்டும் மாட்டாள். வெள்ளிக்கிழமை பாத்திரம் தேய்த்தால் லக்ஷ்மி படியிறங்கிப் போய்விடுவாளாம். மற்ற நாட்களிலோ பூவைக் கலைக்க அவளுக்கு மனசு வராது. நான் அப்போது கொசு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தேன். உருளியின் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும் கொசு முட்டைகள் காய்ந்தாலும் சாகாது, தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கேட்டால்தானே.

ஒரு மழைக்காலத்தில், அவளைச் சீண்டுவதற்காகவே உருளியிலிருந்த புழுக்களைக் குப்பியில் பிடித்துப் போனேன். சோதித்ததில் டெங்கு வைரஸ் இருந்தது. இன்னும் சிறகு முளைக்காத, ஒருவரையும் கடிக்காத புழுக்கள்! தாய்க்கொசு முட்டை வழியாகவே கொடுத்திருக்கிறது. எப்போதாவதுதான் இப்படி நடக்கும். வந்த உற்சாகத்தில் சாப்பாட்டு நேரத்தில் விஸ்தாரமாக விளக்கினேன். மன்னி முகம் வாடிவிட்டது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து உண்டாகியிருந்தாள், நிறைமாதம். அன்றைக்கே உட்கார்ந்து உருளியைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள்.

ஆனாலும் அடுத்த வாரமே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்குதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்: "நீ சொன்னயே, அந்தக் கொசு முட்டைக்கே குடுத்துடறதுன்னு. நானும் என் கொழந்தைக்குக் குடுத்துட்டேனாடா?"

பிரசவ சமயத்தில் காய்ச்சல் என்றால் சில குழந்தைகளுக்குப் போவதுண்டு, பிறந்தபின் ரத்தம் பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதையே சொன்னேன். அவள் கையை விடவில்லை.

பெண் பிறந்தது. ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று சொன்னபோது நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று விக்கி விக்கி அழுதேன். அண்ணாதான் காப்பி வாங்கிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து உடம்பு தேறியதும் மன்னி செய்த முதல் காரியம், ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில் புளியும் தேங்காய் நாருமாக வாசலில் உட்கார்ந்ததுதான். விளிம்பைப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தாள். எதிர்வீட்டு மாமி பதறிப்போனாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக இப்படிச் செய்தால் லக்ஷ்மி போய்விட மாட்டாளா என்றாள்.

மன்னி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "என் லக்ஷ்மி உள்ளே தொட்டில்ல தூங்கிண்டிருக்கா, மாமி. அவ எங்கே போவா?"

அந்த லக்ஷ்மி இப்போது பெங்களூரில் பள்ளிக்கூடம் போகிறாள். இன்று வெள்ளிக்கிழமை. புளியை ஊறவைத்துவிட்டு, உருளியைக் கவிழ்த்தேன்.