ஒரு ஸ்க்ரூ மிச்சம்

அக்கா புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். தெருவில் அவருக்கு வேறு பெயர்: மறை கழண்டவர். புத்தியில் குறை ஒன்றும் இல்லை. அவர் கழற்றி மாட்டிய எந்தக் கம்ப்யூட்டரிலும் வேலை முடிந்தபின் ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கும். அதனால் வந்த பெயர். கேட்டால் மனிதர் அசரவே மாட்டார்.

"கம்பெனிக்காரன் அதிகமா போட்டிருப்பான்" என்பார்.

அந்த மிச்சங்களை அக்கா ஒரு ஜாம் பாட்டிலில் சேர்த்து வைத்திருந்தாள். விருந்தாளி யாராவது "வீட்டுக்காரர் என்ன தொழில் பண்றாரு?" என்று கேட்டால், பதில் சொல்லாமல் பாட்டிலை எடுத்து ஆட்டிக் காட்டுவாள்.

மாமா எல்லாக் கம்ப்யூட்டரையும் தொடமாட்டார். திரை, மூளை, ஸ்பீக்கர் எல்லாம் ஒரே பலகைக்குள் அடங்கிய ஆல் இன் ஒன் ரகம் மட்டும்தான். மற்ற மெக்கானிக்குகள் அதைக் கண்டால் காத தூரம் ஓடுவார்கள். பெட்டி வைத்த கம்ப்யூட்டர் என்றால் பக்கத்து மூடியைத் திறந்தால் போதும். இதற்கோ திரையைக் குப்புறப் படுக்கவைத்து, காலைக் கழற்றி, விளிம்பில் காலாவதியான ஏடிஎம் கார்டை நுழைத்து, கொக்கி கொக்கியாக விடுவிக்க வேண்டும். ஒரு கொக்கி உடைந்தாலும் அன்றைக்கு மாமாவுக்குச் சோறு இறங்காது.

குப்புறப் படுக்கவைக்க அகலமான இடம் வேண்டும். எங்கள் வீட்டில் அகலமான ஒரே இடம் சாப்பாட்டு மேசை. அதன்மேல் அக்காவின் நல்ல போர்வை விரிந்தது. நாங்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிடும் குடும்பமாக ஆனோம். எனக்கு முட்டியில் சூடு பட்ட தழும்பே இருக்கிறது.

ஒருநாள் பல் டாக்டர் தன் ஆல் இன் ஒன்னைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஆன் பண்ணிட்டு குளிச்சிட்டு வந்தாலும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு" என்றார். "இதை வேகமாக்கிக் கொடுங்க. கிளினிக்ல இருக்கிற மத்ததையும் உங்ககிட்டயே தரேன்."

கையோடு புது ரேம் ஒன்றும் வாங்கி வந்திருந்தார். ஸ்கேல் மாதிரி நீளமாக இருந்தது.

மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டாக்டர், இது உட்கார்றது மேசை மேல. ஆனா வயித்துக்குள்ள லேப்டாப். அதுக்கு குட்டை ரேம்தான் சேரும். என்கிட்ட இருக்கு, போட்டுடறேன்."

டாக்டர் அசடு வழிந்து, சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனார். அவர் தலை மறைந்ததும் அக்கா இடுப்பில் கை வைத்தாள்.

"இங்க பாருங்க. இந்தத் தடவை ஒரே ஒரு ஸ்க்ரூ மிஞ்சினாலும் மேசை எனக்கு. உங்க கடை ஸ்டோர் ரூமுக்குப் போயிடணும்."

"மிஞ்சலைன்னா?"

"ஆயுசுக்கும் உங்களுக்குத்தான்."

ஸ்டோர் ரூமில் வாஷிங் மெஷினும் ஓடாத சைக்கிளும் இருக்கின்றன. அங்கே ஒரு கீபோர்டைக்கூடப் படுக்கவைக்க முடியாது. மாமாவை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் அக்கா கட்சி. எனக்கு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

மாமா அன்றைக்கு உயிரைக் கொடுத்து வேலை செய்தார். சமையலறையிலிருந்து ஐஸ் தட்டை எடுத்து வந்து, கழற்றிய வரிசையில் குழிக்குழியாக ஸ்க்ரூக்களைப் போட்டார். உள்ளே ஒரு தலையணைக்கு ஆகும் அளவுக்குத் தூசி இருந்தது. அதை ஊதித் தள்ளிவிட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கி, தீப்பெட்டி கனம்கூட இல்லாத எஸ்எஸ்டியை வைத்தார். குட்டை ரேமை அழுத்தினார். பிறகு கடைசிக் குழியிலிருந்து முதல் குழிக்கு வந்து எல்லாவற்றையும் முடுக்கினார்.

"வந்து பாருங்க" என்றார்.

நான் பார்த்தேன். அக்கா பார்த்தாள். தட்டில் ஒன்றும் இல்லை. அக்கா முகம் தொங்கிப்போய்விட்டது. தட்டை வெடுக்கென்று பிடுங்கிக் குழாயில் காட்டி, தண்ணீர் ஊற்றி ஃப்ரீசருக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். மாமா மேசைக் காலைத் தடவிக்கொண்டே மத்தியானம் முழுக்க அப்டேட் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். பட்டனை அழுத்திவிட்டு நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் திரை வந்துவிட்டது. மனிதருக்கு வாயெல்லாம் பல். அக்கா தோற்றவள்தான் என்றாலும் வந்தவரை வெறும் வாயோடு அனுப்பமாட்டாள். மிக்ஸியில் ஜூஸ் அடித்து, ஐஸ் போட்டுக் கொடுத்தாள்.

"ஐஸைக் கடிக்காதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்வேன். என்னால விட முடியல" என்று டாக்டர் ஒரு கட்டியை வாய்க்குள் தள்ளினார்.

கடக்.

டாக்டர் மெல்ல வாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். கடுகு அளவில் ஒரு கறுப்பு ஸ்க்ரூ. எங்கள் ஐஸ் தட்டும் கறுப்பு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாமா முகத்தில் ஈயாடவில்லை. டாக்டர் ஸ்க்ரூவைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார். கிளினிக் வேலை கைநழுவிப் போவது என் கண்ணுக்கே தெரிந்தது. அக்கா "பாத்தீங்களா" என்று ஆரம்பிக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"ஐயோ, அது மிக்ஸி ஸ்க்ரூ டாக்டர்" என்றாள் அக்கா. "ரொம்ப நாளா ஆடிக்கிட்டே இருந்துச்சு. மன்னிச்சிடுங்க, வேற ஜூஸ் போட்டுத் தரேன்."

டாக்டர் நாக்கால் பல்வரிசையைத் துழாவிப் பார்த்து, சேதாரம் இல்லை என்று சிரித்தார். "மிக்ஸியையும் இவர்கிட்டயே கொடுங்கம்மா, நல்ல வேலைக்காரர். மத்த கம்ப்யூட்டரெல்லாம் திங்கட்கிழமை வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அக்காவைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். "கைக்கு வந்த மேசைய விட்டுட்டியேக்கா."

"போனா போகுது" என்றாள். "அந்த மனுஷன் மூஞ்சிய நீ பாத்தியா?"

மாமாவோ அவள் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். நம்பியே ஆகவேண்டிய நிலைமை அவருக்கு. மறுநாள் காலையில் மிக்ஸியைக் கொண்டுவந்து போர்வைமேல் குப்புறப் படுக்கவைத்துவிட்டார். அக்கா வாயைத் திறக்க வழியில்லை. நாங்கள் வழக்கம்போலக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தோம்.

வெகுநேரம் கழித்து மாமா வந்தார். உள்ளங்கையில் அந்தக் கறுப்பு ஸ்க்ரூ.

"மிக்ஸி ஓடுது. ஆனா இது எந்த ஓட்டையிலயும் சேரமாட்டேங்குது. மிச்சமாவே இருக்கு" என்றார், குற்றவாளி மாதிரி.

அக்கா ஜாம் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"கம்பெனிக்காரன் அதிகமா போட்டிருப்பான். சாப்பிட வாங்க."