மரமா, மீனா?

விழா என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். கோவில் கொடை, கல்யாணம், காதுகுத்து எல்லாம் நடத்துகிறவர்கள் நடத்திக்கொள்ளட்டும், எனக்கு ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் விழா என்று யாராவது வாயெடுத்தால்தான் தலை விண்ணென்று தெறிக்க ஆரம்பிக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் தாமிரபரணிக் கரையில் ஓர் அரசு ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்தேன். வகுப்பு ஐந்து, வாத்தியார் இரண்டு. தலைமையாசிரியரைப் பிள்ளைகளும் ஊரும் 'பெரிய சார்' என்பார்கள். அவருக்கு வாரத்தில் பாதி நாள் டவுணில் ஏதாவது ஆபீஸ் வேலை இருக்கும். மீதிப் பாதியில், ஆபீஸிலிருந்து யாராவது வந்துவிடுவார்களோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆக, ஐந்து வகுப்பும் என் தலையில்தான்.

அந்த வருஷம் முழுப்பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் உத்தரவு வந்தது. ஒவ்வொரு பள்ளியும் கற்றல் விழா கொண்டாட வேண்டும். பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று பெற்றோர் முன்னால் செய்து காட்ட வேண்டும். ஆசிரியர்களும் இந்த ஆண்டு தாங்கள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று மேடையில் சொல்ல வேண்டும். வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரும்பலகை வெளுத்துக் கிடக்கிறது, பூச ஆளில்லை. மழை பெய்தால் மூன்றாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் ஒரே மூலையில் ஒதுங்குகின்றன. இந்த லட்சணத்தில் நான் என்ன கற்றேன் என்று மைக்கில் வேறு சொல்ல வேண்டுமாம்.

பெரிய சாருக்கோ தலைகால் புரியவில்லை. 'டீச்சர், மைக்செட்டு நம்ம அண்ணாச்சி தாரேன்னுட்டாரு. வாசல்ல ரெண்டு வாள கட்டிருவோம். கேசரிக்குச் சொல்லியாச்சி. ஆபீசருக்குப் போத்த ஒரு துண்டு எடுக்கணும்' என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார்.

'பிள்ளைக என்ன சார் செய்யும்?' என்று கேட்டேன்.

'அத நீங்க பாத்துக்கிடுங்க.'

பார்த்துக்கொண்டேன், வேறென்ன செய்ய. இருவரும் கூடிப் பேசியதில் ஒன்று முடிவாயிற்று. சொல்வதெழுதுதல். பெரிய சார் மேடையில் நின்று சொல்லச் சொல்ல, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எல்லாரும் பார்க்கக் கரும்பலகையில் எழுத வேண்டும். யார் எழுதுவது என்பதில் எனக்கு யோசனையே இல்லை. அந்த வகுப்பில் படிப்பு என்றால் ஒரே ஒரு பிள்ளைதான். ஒல்லியாக, எண்ணெய் வழியத் தலைவாரி, முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். கணக்கும் வரும், வாசிப்பும் வரும். ஆனால் அந்த வருஷத்தோடு அவள் படிப்பை நிறுத்தப்போவதாக ஊரில் பேச்சு அடிபட்டது.

ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா மடியில் பீடித் தட்டை வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தப் பிள்ளை, அவள் மடியிலும் ஒரு சின்னத் தட்டு. அப்பா பம்பாயில், கோவில் கொடைக்கு மட்டும் ஊருக்கு வருகிற ஆள். வீட்டில் எதுவானாலும் அம்மா சொல்வதுதான்.

'அஞ்சாப்பு போதும் டீச்சர். ஆறாப்புக்கு ஆத்தத் தாண்டிப் போவணும். இங்கன இருந்தா எனக்கும் ஒரு கை கூடும்லா' என்றாள், கையை நிறுத்தாமலே.

'நல்லாப் படிக்கிற பிள்ளை. பாவம் இல்லையா?'

'நல்லாப் படிக்கான்னு நீங்க சொல்லுதிய. எனக்கு என்ன தெரியும்? நா மளைக்கும் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்குனவ இல்ல.'

'விழாவுக்கு வந்து உங்க கண்ணால பாருங்க. பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க.'

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு, 'சரி, வாரேன். அவ சரியாச் செஞ்சான்னா யோசிப்போம். நாலு பேரு முன்னால முளிச்சிக்கிட்டு நின்னான்னா அதோட விட்டுருங்க. பெறகு வீட்டு வாசல்ல வந்து நிக்கக்கூடாது' என்றாள். அந்தப் பிள்ளை தலையைத் தூக்கவே இல்லை, சுற்றிக்கொண்டே இருந்தாள்.

பிள்ளை கெட்டிக்காரிதான். ஆனால் சொல்வதெழுதுதல் என்றால் சொல்கிற வாயும் சரியாக இருக்க வேண்டுமே. எங்கள் ஊர்ப்பக்கம் 'ழ' என்று ஓர் எழுத்து இருப்பது புத்தகத்தில் மட்டும்தான். பழம் எங்களுக்குப் பளம், மழை எங்களுக்கு மளை, கோழி கோளிதான். பேச்சுக்கு அதனால் ஒரு குறைவும் இல்லை. பெரிய சார் வாயில் 'விழா'வும் 'விளா'தான்; கேட்கிறவனுக்கு விளாமரம் நினைவுக்கு வரும். அவர் 'பளம்' என்று சொல்லுவார், பிள்ளைகள் கேட்டபடியே 'பளம்' என்று எழுதும், அவர் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, 'ஏலே, காதுல என்ன பஞ்சா அடச்சிருக்கு' என்பார். பிள்ளைகளும் காதைத் தடவிக்கொண்டு போய் உட்காரும்.

எனக்கு மட்டும் அந்த எழுத்து வரும் என்று ஒரு கர்வம். ஆசிரியப் பயிற்சியில் தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மாள் ஒருவர் எங்களை நிற்கவைத்து நாக்கை வளைத்துப் பழக்கியிருந்தார். நானும் ஐந்தாம் வகுப்பை நிறுத்திவைத்தேன். 'நாக்கை மடிங்க. மேல ஒட்டக்கூடாது. ஒட்டுனா ள, ஒட்டாட்டி ழ.' அத்தனையும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஒருவன், 'டீச்சர், நாக்கு எங்கன போவுதுன்னே தெரியல' என்றான். இன்னொருத்திக்கு எச்சில் வழிந்து சட்டை நனைந்துவிட்டது. நான் விடவில்லை.

ஒரு வாரம் கழித்துச் சொல்வதெழுதுதல் வைத்தால் எல்லாரும் சரியாக எழுதினார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம்தான் தெரிந்தது சங்கதி. டீச்சர் வாயைக் கோணினால் ழ, கோணாவிட்டால் ள. அவ்வளவுதான் அவர்கள் கற்றது. முதுகைத் திருப்பிக்கொண்டு சொன்னேன், மறுபடியும் பழைய குருடி. சாக்பீஸைத் தூக்கி மேசையில் எறிந்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

பெரிய சாரிடம் போய், 'சார், மேடையில நான் சொல்லுதேன், பிள்ளை எளுதட்டும்' என்றேன். கோபத்தில் எனக்கும் ஊர்ப்பேச்சுதான் வரும்.

'ஏன், நா சொன்னா என்ன? தலைமையாசிரியர் நா இருக்கைல நீங்க சொன்னா ஆபீசர் என்ன நினைப்பாரு?'

'உங்களுக்கு ழகரம் வராது சார்.'

'எனக்கா? எனக்கு ளகரம் வராதா?' என்றார்.

கடைசியில் ஒரு சமரசம். பத்துச் சொற்கள் முன்கூட்டியே முடிவு செய்வது, அதே வரிசையில் அவர் சொல்வது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. கற்றல் விழாவில் கற்றதைக் காட்டாமல் மனப்பாடத்தைக் காட்டுவது எந்த ஊர் நியாயம்? ஆனால் அந்த அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டேன். பிள்ளையிடம், 'வரிசை மாறாம எழுதிட்டு இறங்கி வந்துரு. வாயத் திறந்துராத' என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

விழா நாள் வந்தது. வாசலில் இரண்டு பக்கமும் குலையோடு வாழை. காலையிலிருந்து மைக்கில் சினிமாப் பாட்டு, பிள்ளைகள் வெயிலில் வரிசை. அதிகாரி வர மத்தியானமாயிற்று. துண்டு போர்த்தியானதும் பெரிய சார் தாம் கற்றதைச் சொல்ல மைக்கைப் பிடித்தார். எந்தெந்த அதிகாரியின் கீழே வேலை பார்த்தார் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒன்றாம் வகுப்பில் பாதி தூங்கிவிட்டது. நான் என்ன கற்றேன் என்று யாரும் கேட்கவில்லை, நேரமில்லையாம். நானும் பிழைத்தேன் என்று இருந்தேன். கூட்டத்தின் ஓரத்தில் அந்தப் பிள்ளையின் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்தி நின்றுகொண்டிருந்தாள்.

பிள்ளை மேடையேறினாள். பெரிய சார் சொல்லச் சொல்ல, பத்தையும் முத்து முத்தாக எழுதினாள். கூட்டம் கைதட்டியது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் அதிகாரி நாற்காலியில் இருந்தபடியே, 'நானும் ஒரு வார்த்த சொல்லுதேன், எளுதும்மா' என்றார். அந்த மனிதருக்கு இது தேவையா? வாசலில் கட்டியிருந்த மரத்தைப் பார்த்தாரோ, பக்கத்து வீட்டு மீன்குழம்பு வாசனை வந்ததோ, எனக்குத் தெரியாது. 'வாளை' என்றார்.

பிள்ளை சாக்பீஸைப் பலகையில் வைத்தாள். எழுதவில்லை. திரும்பினாள்.

'மரமா சார், மீனா?'

பெரிய சார் மைக்கை அவள் பக்கமே வைத்திருந்தார். அவள் கேட்டது ஆற்றங்கரை வரைக்கும் கேட்டது. வாயைத் திறக்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருந்தேன்.

'சொன்னத எளுதும்மா. வாளை' என்றார் அதிகாரி. அவரும் எங்கள் ஜில்லாக்காரர்தான்.

'அதான் சார் கேக்கேன். ரெண்டுக்கும் எளுத்து வேற.'

மரம் என்றோ மீன் என்றோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. சொல்லுவாரா? அதிகாரியாயிற்றே. தான் சொன்னது விளங்கவில்லை என்று ஒரு பிள்ளை சொல்வதாவது. பெரிய சாரைப் பார்த்தார். பெரிய சார் மைக்கைப் பிடுங்கி, 'நல்லாக் கேட்டுக்கோ தாயி. வா... ளை' என்று இழுத்தார்.

'பெரிய சார் சொல்லுதது மீனுலா' என்றார் கூட்டத்தில் ஒருவர்.

'உமக்கு எப்பவும் தீனி நெனப்புதான். அது மரம்வே' என்றார் பக்கத்தில் இருந்தவர். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள்.

பெரிய சாருக்கு வியர்த்துவிட்டது. 'டீச்சர், நீங்க வந்து சொல்லுங்க' என்று என் கையில் மைக்கைத் திணித்தார். வாரக்கணக்காக நாக்கை மடி, நாக்கை மடி என்று பிள்ளைகளின் உயிரை எடுத்தவள் நான். அதிகாரி பார்க்கிறார், ஊரே பார்க்கிறது, அந்த அம்மா பார்க்கிறாள். வாயைத் திறந்தேன். 'வாளை' என்றுதான் வந்தது. பெரிய சார் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

பிள்ளை எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பலகைப் பக்கம் திரும்பி 'வாழை' என்று எழுதினாள். அதற்குக் கீழே 'வாளை' என்று எழுதினாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, 'ரெண்டும் இருக்கு சார். எது வேணுமோ எடுத்துக்கிடுங்க' என்றாள்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் பாதிப் பேருக்குக் கண்ணில் தண்ணீர். அதிகாரி சிரிக்கவில்லை. 'ம், போதும்' என்று எழுந்தார். கேசரியைத் தொடவில்லை. ஜீப் கிளம்பியதும் பெரிய சார் என் பக்கம் வந்து, 'ஆபீசரு மூஞ்சியப் பாத்தியளா? புள்ளைக்கு அடக்கம் சொல்லிக்குடுக்கலன்னு நெனைக்க மாட்டாரா?' என்று தொடங்கினார். எனக்கு அவரிடம் மல்லுக்கட்ட நேரமில்லை. அந்த அம்மா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே பின்னால் ஓடினேன்.

'சின்னப் பிள்ளை, தெரியாம கேட்டுட்டா. மனசுல வச்சுக்கிடாதிங்க' என்றேன். அவள் நின்றாள். பிள்ளையை, 'ஏட்டி, நீ முன்னால நட' என்று அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தாள்.

'அவ எளுதுனது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது டீச்சர். பத்து எளுதுனா, எல்லாருங் கை தட்டுனாக, நானும் தட்டுனேன். அது கெடக்கட்டும். பீடிக்கடையில செக்கிங் பாக்குதவன் என் கட்டுல பாதியக் களிச்சுத் தூர எறிவான். கல்யாணமாகி வந்த நாள்லருந்து எறியுதான். ஏன் எறியுதன்னு ஒரு நாளு கேட்டதில்ல. குனிஞ்சு பொறுக்கிட்டு வந்துருவேன். இவ என்னன்னா, நாக்காலில இருக்கவரப் பாத்து எதுன்னு கேக்கா. அவரு முளிக்காரு.'

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, 'ஆறாப்புக்கு எப்ப வந்து சேக்கணும்?' என்று கேட்டாள். பள்ளிக்கூடம் திறந்ததும் நானே கூட வருகிறேன் என்றேன். சரி என்று நாலு எட்டு நடந்தவள், ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

'அங்கனயும் இப்படிக் கேக்க விடுவாகளா டீச்சர்?'